காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே: ஸ்போர்ட்ஸ் கார் ஆக்சிலரேட்டரின் நூறு வருடக் கதை



எப்போது பார்த்தாலும் பணவீக்கம், பங்குச்சந்தை என்றே எழுதுகிறாய் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்த முறை கார்! பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னிடம் இருப்பது பஸ் பாஸ் மட்டுமே :-) ஆனால் வரலாறு படிக்க டிரைவிங் லைசென்ஸ் தேவையில்லையே.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எவ்வளவு வேகம் போகும்? பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டரை எத்தனை நொடியில் தொடும்? இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. அந்த வேகத்தைக் குலுக்கல் இல்லாமல், வழுக்கல் இல்லாமல் எப்படி எடுப்பது என்பதைப் பற்றியது. அதாவது வலது காலின் கதை.

படித்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இது. கால் சக்தியைக் கேட்கிறது, சக்கரம் அதைத் தரையில் இறக்குகிறது. இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு தாமதமோ ஒரு குளறுபடியோ இருந்துகொண்டே இருக்கிறது. அதைச் சமாளிப்பது யார் பொறுப்பு, டிரைவரா, மெஷினா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறார்கள். சில பதில்களுக்கு மனித உயிர் விலையாகப் போயிருக்கிறது.

தொண்டையைப் பிடிக்கும் தகடு

முதலில் அடிப்படை. பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் அதிகம் போகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் திறப்பது காற்றுக்கான வழியை. என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் வட்டமான ஒரு தகடு இருக்கும். பட்டர்ஃப்ளை என்பார்கள். அது திரும்பினால் வழி திறக்கும், காற்று போகும், அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் சேரும். த்ராட்டில் என்ற ஆங்கில வார்த்தையே தொண்டை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, என்ஜினின் தொண்டையைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. நாம் மிதிக்கும்போது பிடியைத் தளர்த்துகிறோம், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இது காலுக்குரிய வேலையாகவே இல்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் த்ராட்டில் என்பது ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் இருந்த ஒரு கைப்பிடி. இடது பக்கம் இன்னொரு கைப்பிடி, அது ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதை மாற்றுவதற்கு. கீழே மூன்று பெடல்கள் இருந்தன. இடது பெடல் கியருக்கு, நடுவில் இருந்தது ரிவர்ஸுக்கு, வலது பெடல் பிரேக்! இன்றைக்கு யாராவது அந்தக் காரில் ஏறி வேகமாகப் போக வலது பெடலை மிதித்தால் கார் நின்றுவிடும்.

இன்று நமக்குப் பழகிய கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை 1916-இன் காடிலாக் ஒன்றில் வந்து, 1922-இல் வந்த ஆஸ்டின் 7 மூலம் பரவியது என்பார்கள். ரேஸ் கார்களில் அதற்குப் பிறகும் குழப்பம் தொடர்ந்தது. 1950-களின் மசராட்டி 250எஃப் காரில்கூட ஆக்சிலரேட்டர் நடுவில்தான், பிரேக் வலது ஓரத்தில்.

கையிலிருந்து காலுக்கு மாறியது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கைப்பிடியை ஒரு இடத்தில் வைத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும். பெடல் அப்படி இல்லை, ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நொடியும் கால் ஒரு முடிவு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். த்ராட்டில் டெக்னிக் என்ற ஒன்று தேவைப்பட்டதே அதற்குப் பிறகுதான்.

காற்று முந்தும், பெட்ரோல் பிந்தும்

கார்புரேட்டர் காலத்தில் முதல் பிரச்சினை இதுதான். சட்டென்று மிதித்தால் தகடு திறக்கிறது, காற்று லேசானது, உடனே பாய்ந்து போகிறது. பெட்ரோல் கனமானது, அது கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பும். அந்த ஒரு கணத்தில் என்ஜினுக்குக் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது. விளைவு, மிதித்த காலுக்குப் பதிலாக ஒரு இருமல், பிறகு ஒரு குலுக்கல், அதற்குப் பிறகுதான் வேகம்.

இதற்குப் பொறியாளர்கள் வைத்த மருந்து, கார்புரேட்டரிலேயே ஒரு சின்ன பம்ப். பெடல் வேகமாக நகர்ந்தால் அது கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும். பிரிட்டனின் எஸ்.யு. கார்புரேட்டரில் வேறு வழி. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனை எண்ணெய் வைத்து மெதுவாக்கினார்கள், அதனால் காற்று பாய்வது தாமதமாகும். ஒருவர் பின்தங்கிய பெட்ரோலை ஓடவிட்டார், இன்னொருவர் முந்திய காற்றை இழுத்துப் பிடித்தார். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300எஸ்எல் கார்புரேட்டரையே தூக்கிவிட்டு, பாஷ் நிறுவனத்தின் பம்ப் மூலம் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் செலுத்தியது.

மருந்து எதுவாக இருந்தாலும் அந்தக் காலத்து டிரைவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே. பெடலை உதைக்காதே, பிழி. ஈரத் துணியைப் பிழிவது போல, ஆரம்பத்தில் மெதுவாக, என்ஜின் ஏற்றுக்கொண்டது தெரிந்த பிறகு அழுத்தமாக. இந்த அறிவுரை இன்றுவரை மாறவில்லை. காரணங்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

ஒரே பர்ஸில் இரண்டு செலவு

இரண்டாவது பிரச்சினை டயரில் இருக்கிறது. இதை எங்கள் பாடத்தின் மொழியிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டயருக்கும் ஒரு பட்ஜெட் உண்டு. அதன் பெயர் பிடிமானம். காரைத் திருப்புவதும் அந்தப் பணத்தில்தான், காரை முன்னால் தள்ளுவதும் அந்தப் பணத்தில்தான். வளைவில் பர்ஸ் முழுவதையும் திரும்புவதற்கே செலவழித்துவிட்டு, அதே நேரத்தில் ஆக்சிலரேட்டரையும் அழுத்தினால் டயர் திவால்! வழுக்க ஆரம்பித்துவிடும்.

1930-களின் ஜெர்மன் ரேஸ் கார்களைப் பார்த்தால் இந்த பட்ஜெட் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று தெரியும். அப்போதைய விதிப்படி பெட்ரோல், எண்ணெய், தண்ணீர், டயர் எல்லாம் கழித்து காரின் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. என்ஜின் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை! எடையைக் கட்டுப்படுத்தினால் சக்தியும் தானாகக் குறையும் என்று விதி எழுதியவர்கள் நம்பினார்கள். 1937-இல் மெர்சிடிஸ் டபிள்யூ125 ஏறக்குறைய 600 குதிரைத்திறனோடு வந்து நின்றது. டயரோ ஒல்லியானது. அதன் போட்டியாளரான ஆட்டோ யூனியன் காரில் 16 சிலிண்டர் என்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருந்தது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போகும்போதுகூட பெடலை அலட்சியமாக மிதித்தால் பின் சக்கரங்கள் சும்மா சுழலும். இந்தக் காரை அடக்கி 1936-இல் ஐரோப்பிய சாம்பியன் ஆனவர் பெர்ன்ட் ரோஸ்மேயர். அவர் வந்தது பைக் ரேஸிலிருந்து. அதுவும் ஒருவிதத்தில் பொருத்தம்தான். பைக்கில் த்ராட்டிலைத் தப்பாகத் திறந்தால் விழுவது நாமேதான்.

போருக்குப் பிறகு இந்த வழுக்கலையே ஒரு கலையாக்கினார்கள். நான்கு சக்கரமும் லேசாக வழுக்க, ஸ்டியரிங்கைவிட ஆக்சிலரேட்டரால் காரின் திசையைத் திருத்திக்கொண்டே வளைவைக் கடப்பது. கொஞ்சம் கூட்டினால் பின்பக்கம் வெளியே நகரும், கொஞ்சம் குறைத்தால் கார் உள்ளே வரும். ஜுவான் மானுவல் ஃபாஞ்சியோ 1957 ஆகஸ்டில், தன் 46-ஆவது வயதில், நூர்பர்க்ரிங்கில் ஓட்டியது இதற்கு உச்சம். பிட் ஸ்டாப்பில் நேரம் இழந்து பின்தங்கி, சாதனை நேரத்தை மீண்டும் மீண்டும் உடைத்து, இரண்டு ஃபெராரிகளைத் துரத்திப் பிடித்து ஜெயித்தார். ஐந்தாவது உலகப் பட்டமும் அன்றே உறுதியானது. ஒரு கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு மனிதரின் பாதம் மட்டும்.

சாதாரணமாகக் கடையில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தது போர்ஷே 911. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரில் என்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருந்தது. பின்பக்கம் கனம் என்பதால் கிளம்பும்போது பிடிமானம் அபாரம். ஆனால் வளைவின் நடுவில் டிரைவர் பயந்துபோய் சட்டென்று காலை எடுத்துவிட்டால்? காரின் எடை முன்பக்கம் சாயும், பின் டயர்கள் லேசாகிவிடும், பின்னால் தொங்கும் கனமான என்ஜின் ஊஞ்சல் மாதிரி வெளியே வீசும். கார் அப்படியே சுற்றிக்கொள்ளும்.

இதில் கொடுமை என்னவென்றால், பயந்தால் காலை எடுப்பதுதான் மனித சுபாவம். 911 அந்த சுபாவத்தையே தண்டித்தது. 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி போர்ஷே கொஞ்சம் சரிசெய்தது. மீதியை டிரைவர்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிரேக்கை நேரான சாலையிலேயே முடித்துவிடு. வளைவுக்குள் லேசான த்ராட்டிலோடு போ. ஸ்டியரிங் நேராக ஆக ஆக, அதே அளவுக்குக் காலை அழுத்து. ஸ்டியரிங்குக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு நூல் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். திருப்பினால் நூல் காலை மேலே இழுக்கும், நேராக்கினால்தான் விடும். மூன்று முறை சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் சொல்லிவந்தது இன்னும் எளிமை. திரும்ப எடுக்க வேண்டியிருக்காது என்று உறுதியாகத் தெரியும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாதே.

டர்போ: ஆர்டர் போட்டால் சரக்கு லேட்டாக வரும்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1970-கள். டர்போ என்பது என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. வீணாகப் போகும் புகையிலிருந்து சக்தி! கேட்க இலவசம் மாதிரி இருக்கிறது. ஆனால் எங்கள் எகனாமிக்ஸ் பாடத்தில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், இலவசம் என்று எதுவும் இல்லை.

விலை என்ன? நேரம். என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, டர்போ தூங்கும். பெடலை மிதித்தால் முதலில் புகை அதிகமாக வேண்டும், பிறகு டர்போ வேகம் எடுக்க வேண்டும், பிறகுதான் காற்று திணிக்கப்படும். இதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள்.

போர்ஷேவுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத்துக்காக 917 காரில் டர்போ வைத்தபோது, அதை ஓட்டிச் சோதித்தவர் மார்க் டோனஹ்யூ. அவர் வெறும் டிரைவர் இல்லை, பொறியியல் பட்டதாரி. ஆரம்பத்தில் அந்த என்ஜின் ஸ்விட்ச் போட்ட மாதிரி, ஒன்று ஒன்றுமே இல்லை, இல்லாவிட்டால் எல்லாமே என்று நடந்துகொண்டது. முழு அழுத்தத்தில் எவ்வளவு சக்தி என்பது மட்டும் போதாது, பாதி மிதித்தால் பாதி கிடைக்க வேண்டும் என்பதற்காக போர்ஷே பொறியாளர்களோடு சேர்ந்து நிறைய உழைத்தார். அந்த வரிசையில் வந்த 917/30, ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட கார், 1973-இல் அவருக்குப் பட்டத்தைக் கொடுத்தது.

1974 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே 911 டர்போ வந்தது. கம்பெனிக்குள் அதன் எண் 930. மூன்று லிட்டர் என்ஜின், 260 குதிரைத்திறன், வெறும் நான்கு கியர். பெட்ரோல் நெருக்கடி முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இதை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் இருந்தது. விற்றது. 1978-இல் 3.3 லிட்டர், 300 குதிரைத்திறன் ஆனது. அதற்கு ஒரு பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது: விதவையாக்கி.

ஏன் அப்படி ஒரு பெயர்? எங்கள் இன்வென்டரி பாடத்தை வைத்தே விளக்கலாம். ஒரு கடைக்காரர் சரக்கு ஆர்டர் போடுகிறார். வரவில்லை. பொறுமை இழந்து இன்னொரு மடங்கு ஆர்டர் போடுகிறார். ஒரு நாள் இரண்டும் சேர்ந்து வந்து இறங்குகிறது, கடையில் வைக்க இடம் இல்லை. 930-இல் நடந்ததும் இதுதான். வளைவின் நடுவில் டிரைவர் லேசாக மிதிக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதிக்கிறார். என்ஜின் 4000 சுற்றை நெருங்கும்போது இரண்டு ஆர்டரும் ஒரே நேரத்தில் டெலிவரி! பின் டயரின் பர்ஸோ ஏற்கெனவே திரும்புவதில் காலி. கார் வழுக்குகிறது. டிரைவர் பயந்து காலை எடுக்கிறார். இப்போது பழைய 911-இன் ஊஞ்சல் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. நான்கு கியர் மட்டும் இருந்ததால் ஒவ்வொரு கியரும் நீளம், என்ஜின் வேகம் அடிக்கடி டர்போ தூங்கும் எல்லைக்குக் கீழே விழுந்துவிடும் என்பது கூடுதல் தலைவலி. ஐந்து கியர் வந்தது 1989-இல்தான்.

அப்படியென்றால் இந்தக் காரை நன்றாக ஓட்டியவர்கள் என்ன செய்தார்கள்? நல்ல கடைக்காரர் செய்வதைத்தான். சரக்கு தீரும்வரை காத்திருக்காமல், வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே ஆர்டர் போடுவது. சக்தி தேவைப்படும் இடம் வளைவின் முடிவு என்றால், அதற்கு முன்பே மெதுவாகப் பிழிய ஆரம்பிப்பார்கள். பூஸ்ட் வந்து சேரும்போது ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. முதலில் மிதித்த அளவைக் கூட்டாமல் காத்திருக்கும் பொறுமைதான் இதில் மிகக் கஷ்டம். ஆடி குவாட்ரோ ஓட்டிய வால்டர் ரோல் போன்ற ராலி டிரைவர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமலே இடது காலால் பிரேக் பிடிப்பது. கார் வேகம் குறையும், ஆனால் டர்போ தூங்காது.

மெஷினின் தாமதத்தை மனிதன் தன் மனக்கணக்கால் ஈடுகட்டினான். தெரியாதவர்கள் கையில் அதே கார் ஆபத்தாக இருந்தது. பணம் இருந்தால் யாரும் வாங்கலாம், கணக்கைக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. அந்தப் பட்டப்பெயருக்குப் பின்னால் இருந்த உண்மையான பிரச்சினை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே கார், இரண்டு கால்கள்

ஃபார்முலா 1-க்கு டர்போவைக் கொண்டுவந்தது ரெனோ, 1977-இல் சில்வர்ஸ்டோனில். அடிக்கடி புகைவிட்டு நின்றதால் மஞ்சள் டீ கெட்டில் என்று கிண்டல் செய்தார்கள். 1979-இல் பிரான்ஸில் டிஜோனில் அதே ரெனோ ஜெயித்ததும் கிண்டல் நின்றது. அடுத்த சில வருடங்களில் எல்லோரும் டர்போவுக்கு மாறினார்கள். 1989-இல் டர்போ தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் நடந்த ஒரு கதை இந்தத் தலைப்புக்காகவே நடந்த மாதிரி இருக்கும்.

1988. மெக்லாரன்-ஹோண்டா எம்பி4/4. ஒரே அணி, ஒரே கார், இரண்டு டிரைவர்கள். ஒருவர் அலென் ப்ராஸ்ட், புரொஃபசர் என்று பெயர். அவர் காலில் அவசரமே தெரியாது. பிழிவது, காத்திருப்பது, டயரையும் பெட்ரோலையும் மிச்சம் பிடிப்பது. இன்னொருவர் அயர்ட்டன் சென்னா. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரைத் தட்டித் தட்டிப் பிடிப்பார், ஒரு நொடிக்குள் பல முறை, தையல் மெஷின் ஊசி மாதிரி. டர்போவைச் சுழல வைத்திருக்கவா, பிடிமானம் எங்கே முடிகிறது என்று தொட்டுப் பார்க்கவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கார்ட் ஓட்டிய காலத்திலேயே வந்த பழக்கம், டர்போ இல்லாத காரிலும் விடவில்லை. சுசுகா ட்ராக்கில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரைச் சாதாரண லோஃபர் ஷூவோடு அவர் ஓட்டும் வீடியோ இணையத்தில் இருக்கிறது. அவருடைய காலை மட்டும் பாருங்கள்.

மென்மையாக மிதி என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு சென்னா நேர் எதிர் இல்லையா? முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மென்மை என்பதைக் காலில் பார்க்கக் கூடாது, டயரில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தட்டலும் சின்னது. டயருக்குப் போய்ச் சேருவது அவற்றின் சராசரி. ப்ராஸ்ட் ஒரே கோடாகப் போட்டதை சென்னா புள்ளி புள்ளியாகப் போட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிவைப் பாருங்கள். அந்த வருடம் 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் ஜெயித்தது. சென்னா 8, ப்ராஸ்ட் 7. மொத்தப் புள்ளிகளில் ப்ராஸ்ட் 105, சென்னா 94. ஆனால் சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ண வேண்டும் என்பது அப்போதைய விதி. அப்படி எண்ணினால் சென்னா 90, ப்ராஸ்ட் 87. சாம்பியன் சென்னா! எந்தக் கணக்கு முறையைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து லாபம் மாறும் என்று எங்கள் அக்கவுண்டன்ஸி சார் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கம்ப்யூட்டரின் கால்

அடுத்து வந்தது, இந்தத் திறமையையே தேவையில்லாமல் செய்யும் கருவி. டிராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் தேவைக்கு மேல் சுழல்கிறதா என்று சென்சார் பார்க்கும், சுழன்றால் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைக்கும். டிரைவர் தைரியமாக மிதிக்கலாம். 1992-இல் நைஜல் மான்செல் இது உட்பட பல எலக்ட்ரானிக் உதவிகள் கொண்ட வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி காரில் 9 பந்தயங்களை ஜெயித்து சாம்பியன் ஆனார். ஜெயித்தது டிரைவரா சாஃப்ட்வேரா என்ற கேள்வி எழுந்தது. 1994-இல் இந்த உதவிகள் தடை செய்யப்பட்டன.

ஆனால் தடை போடுவது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம். 1994-இலேயே பெனட்டன் அணியின் சாஃப்ட்வேருக்குள் தானாகக் காரைக் கிளப்பும் ஒரு வசதி மறைந்திருப்பதை விசாரணை கண்டுபிடித்தது. பந்தயத்தில் அது பயன்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தார்கள். சந்தேகம் மட்டும் போகவில்லை. கடைசியில் 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து டிராக்‌ஷன் கன்ட்ரோலை மறுபடி அனுமதித்தார்கள். பிடிக்க முடியாத திருட்டை சட்டபூர்வம் ஆக்கிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். 2008-இல் எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரைக் கட்டாயமாக்கிய பிறகுதான் தடையை உண்மையாக அமல்படுத்த முடிந்தது. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இந்த இரண்டு காலத்திலும் ஓட்டியவர். 2005-இல் ஜோர்டன் அணியில் அந்த உதவி அனுமதிக்கப்பட்ட காலம். 2011, 2012-இல் எச்.ஆர்.டி. அணியில் முழுக்கத் தன் காலை நம்பி.

சாலையில் ஓடும் கார்களில் இதைவிட அமைதியாக ஒரு மாற்றம் நடந்தது. 1980-களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ. 750ஐ காரில் பெடலுக்கும் பட்டர்ஃப்ளைக்கும் நடுவே இருந்த கேபிளை எடுத்துவிட்டார்கள். பெடலில் ஒரு சென்சார், தகட்டில் ஒரு மோட்டார், நடுவே கம்ப்யூட்டர். இன்று கிட்டத்தட்ட எல்லாக் கார்களும் இப்படித்தான். முன்பு கால் தகட்டை நேராகத் திறந்தது. இப்போது கால் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறது, கம்ப்யூட்டர் பரிசீலித்து அனுமதிக்கிறது!

இதில் ஒரு சின்ன ஏமாற்றும் உண்டு. பல கார்களில் ஸ்போர்ட் என்ற பட்டனை அழுத்தினால் கார் சட்டென்று பலம் பெற்ற மாதிரி இருக்கும். பெரும்பாலும் என்ஜின் சக்தி அதேதான். கால்வாசி மிதித்தாலே தகட்டை அதிகம் திறக்கும்படி கணக்கை மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் எல்லாம் கிடைத்துவிடும், கடைசியில் மிச்சம் இருக்காது. மென்மையாக ஓட்ட நினைப்பவருக்கு அந்த பட்டன் உதவியைவிட உபத்திரவம்.

இந்தப் போக்குக்கு எதிராக நின்ற ஒரு கார் மெக்லாரன் எஃப்1. 1992-இல் கார்டன் மர்ரி வடிவமைத்தது. 627 குதிரைத்திறன். டர்போ வேண்டாம் என்று மறுத்தார், காலுக்கு உடனே பதில் வேண்டும் என்பதற்காக. 12 சிலிண்டருக்கும் தனித்தனியாக 12 பட்டர்ஃப்ளை. டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது, பவர் ஸ்டியரிங்கூடக் கிடையாது. 1998-இல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்டது. மொத்தம் செய்தது 106 கார்கள். தாமதத்தை மெஷினிலிருந்து முழுக்க எடுத்துவிடுவோம், பொறுப்பை முழுக்க டிரைவரிடமே கொடுப்போம் என்பது அந்தக் காரின் பதில். அழகான பதில்தான். ஆனால் அந்தப் பொறுப்பை எல்லோராலும் தூக்க முடியாது.

இப்போது

930-இன் தாமதத்தைத் தீர்க்க போர்ஷேவுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 2006-இல் வந்த 911 டர்போவில், புகை குறைவாக இருக்கும்போது வழியைச் சுருக்கி டர்போவை வேகமாகச் சுழற்றும் அசையும் தகடுகள் வந்தன. 2024-இல் அறிமுகமான 911 ஜிடிஎஸ் காரில் டர்போவுக்குள்ளேயே ஒரு மின் மோட்டார். புகை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மோட்டாரே சுழற்றிவிடும். எலக்ட்ரிக் கார்களில் காற்றும் இல்லை, புகையும் இல்லை, தாமதம் என்ற பேச்சே ஏறக்குறைய இல்லை.

அப்படியானால் கால் கற்றுக்கொள்ள இனி ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மேலே சொன்ன எல்லாத் தாமதங்களையும் தீர்த்துவிட்டார்கள், ஆனால் டயரின் பர்ஸ் மட்டும் யார் சொன்னாலும் பெரிதாகிவிடாது. மழை பெய்த சாலையில் கம்ப்யூட்டர் இருக்கிற பிடிமானத்தைச் சரியாகப் பங்கிட முடியும், இல்லாததை உருவாக்க முடியாது. சக்தி உடனே கிடைக்கும் காரில், யோசிக்கக் கிடைத்துவந்த அந்த அரை நொடியும் போய்விட்டது. அதனால் பழைய பாடங்கள் அப்படியே நிற்கின்றன: பிழி, உதைக்காதே. ஸ்டியரிங் நேராகும் அளவுக்குத்தான் அழுத்து. பயத்தில் சட்டென்று காலை எடுக்காதே. இவற்றைப் பழக நினைப்பவர்கள் ட்ராக்கில், சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துக்கொண்டு பழகுங்கள், தயவுசெய்து ஈ.சி.ஆரில் வேண்டாம்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது ஃபாஞ்சியோவின் வீரமோ சென்னாவின் வேகமோ இல்லை. மார்க் டோனஹ்யூ கேட்ட அந்தச் சின்ன விஷயம்தான். முழுசாக மிதித்தால் எவ்வளவு வரும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாதி மிதித்தால் பாதி வருமா என்று அவர் கேட்டார். விளம்பரத்தில் இன்றைக்கும் முதல் கேள்விக்கான பதிலைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். கார் சொன்ன பேச்சைக் கேட்குமா என்பது இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

டிரைவிங் தெரிந்த நண்பர்கள், குறிப்பாக டர்போ டீசல் ஓட்டுகிறவர்கள், உங்கள் காரின் தாமதம் எப்படி, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்களேன். நம்ம வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: லீட் டைம், ரீ-ஆர்டர் லெவல் இரண்டும் பரீட்சைக்கு வரும், 930-ஐ நினைத்துக்கொண்டால் மறக்காது :-)